அப்பு செஞ்ச ஆப்பு

வா அப்பு, உக்காரு. பின்வாசல் வழியா வந்து சாப்பிட்டுட்டுப் பூனை மாதிரி நழுவுனியாமே, அப்பத்தா சொன்னா. நேத்து மொய் விருந்துல நடந்ததுக்கு ஐயா திட்டுவாருன்னு பயமாக்கும். திட்ட நான் யாரு? நாப்பது வருசமா அடுத்தவன் வீட்டு மொய்யை எழுதித் தேஞ்ச கை இது. எட்டாங்கிளாஸைத் தாண்டல. நீ கருப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்குனவன். மொய்க் கணக்குக்கு நீ செஞ்ச போன் ஆப்பை நான் குறை சொன்னா ஊரு சிரிக்கும். புகழத்தான் கூப்பிட்டேன், சாஞ்சு உக்காரு.

ஆடி முதல் வாரத்து விருந்துல நீ அதைக் கொண்டாந்து மேசையில வச்சப்ப எனக்கே நெஞ்சு நிமிந்துச்சு. ஒரு பக்கம் நோட்டு எண்ணுற மிசின் படபடங்குது, இன்னொரு பக்கம் கறிக்குழம்பு வாசம், நடுவுல எம் பேரன் போனும் கையுமா. ஆயிரத்து நானூறு பேரும் வரிசையா உள்ள இருக்காங்கன்னு சொன்ன. கொத்தமங்கலத்துக்காரர் ஒருத்தர் வந்து, "இவுக எனக்கு என்ன செஞ்சிருக்காக, பார்த்துச் சொல்லு தம்பி, மேல போட்டுச் செய்யணும்"னாரு. அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை வர்ற விருந்து. யாரு ஞாபகத்துல வச்சிருப்பா?

நீ கட்டைவிரலால தள்ளுன. தள்ளிக்கிட்டே இருந்த. ஏத்தம் இறைக்கிறவன்கூட நடுவுல மூச்சு வாங்குவான், நீ வாங்கல. பேருங்க சர்ருனு மேல போகுது, சர்ருனு கீழ வருது. எந்த ஊர்ல இருக்கோம்னு உனக்கும் தெரியல, போனுக்கும் தெரியல. ஒவ்வொரு வரிக்குக் கீழயும் ஊர் பேரு இருந்துச்சு, இல்லேங்கல, எறும்பு எழுத்துல. ராத்திரி பஸ்ஸுல தூங்கி முழிச்சவன் கடை போர்டைப் படிச்சு எந்த ஊருன்னு கண்டுபிடிக்கிற மாதிரி, நீ நிறுத்தி நிறுத்திப் படிச்ச. "தேடுற பெட்டி இருக்கு ஐயா"ன்னு அதுல கொத்தமங்களம்னு அடிச்ச. 'ல'வுக்கு 'ள' போட்டா அந்தப் பெட்டி என்ன செய்யும்? ஒருத்தரும் இல்லைன்னுடுச்சு. நேர்ல ஒருத்தர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு, ஒருத்தரும் இல்லையாம்!

அதுக்குள்ள நான் பேரேட்டை விரிச்சு, செவப்பு மசித் தலைப்பைப் பார்த்து, ஏழாவது வரியில அவர் பேரைக் காட்டிட்டேன். ரெண்டாயிரம். அவர் மூவாயிரமா எழுதச் சொல்லிட்டுப் பந்திக்குப் போயிட்டாரு. நீ அப்பவும் தள்ளிக்கிட்டுத்தான் இருந்த.

"வரிசையாத்தானே ஐயா இருக்கு"ன்னு அன்னைக்கு ராத்திரி கேட்டியே, அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் புடிச்சுது. எறும்பும் வரிசையாத்தான் போவுது. மொய் மேசையில எழுதுற நோட்டு வேற, பேரேடு வேற அப்பு. மேசை நோட்டு வந்த வரிசை. எவன் முந்துறானோ அவன் பேரு. விருந்து முடிஞ்சு நாலு நாள் கழிச்சுத்தான் அதை ஊர் வாரியாப் பிரிச்சுப் பேரேட்டுல ஏத்துவோம். அணவயல்னு செவப்புல எழுதி ரெண்டு கோடு. கீழ அந்த ஊர் ஆளுங்க. நாளைக்கு வந்து நீட்டுறவனுக்கு மூணு வரி காலி. அப்புறம் ஆலங்குடி, அதுக்கும் ரெண்டு கோடு. அடுக்குறது பாதி வேலைதான். எங்க ஒரு அடுக்கு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குச் சொல்றது மீதிப் பாதி. ரெண்டு கோடுக்கு நான் கூலி வாங்கல, ஆனா அந்தக் கோட்டுக்காகத்தான் என்னையக் கூப்பிட்டாங்க.

இதைச் சொன்னதும் நீ வெடுக்குன்னு எந்திரிச்சுப் போயி ராவோட ராவா தலைப்புப் போட்டுட்ட. கெட்டிக்காரன். காலையில நான் பல்லு விளக்கிட்டு வந்து பார்த்தேன். அணவயல்னு பெருசா, அழகா, பச்சையில. கீழ தள்ளுனேன், ஆலங்குடி. இன்னும் தள்ளுனேன், கீரமங்கலம். மறுபடி மேல வந்தேன் பாரு, கீரமங்கலத்து ஆளுக்கெல்லாம் நடுவுல, ஆறுமுகத்துக்கு மேல ஒரு தலைப்பு, முருகேசனுக்கு மேல அதே தலைப்பு. நாலு பேருக்கு ஒரு தலைப்பா. ஊர்த் திருவிழாவுல பரிவட்டம் கட்டுற மாதிரி இருந்துச்சு.

நீ உங்க கூட்டாளிகிட்டப் போன்ல பேசுனதைக் கேட்டுக்கிட்டுத்தான் கட்டில்ல கிடந்தேன். காது மந்தம்னு நினைச்சிருப்ப. ரீசைக்ளர் வியூவாம். 2014-ல ஆண்ட்ராய்டு லாலிபாப்போட வந்ததாம். முட்டாய் பேரை வச்சு வேலை பார்க்குறீக, நல்லா இருங்க. ஆனா நீ சொன்ன சங்கதி எனக்குப் பளிச்சுனு விளங்குச்சு. ஆயிரத்து நானூறு பேருக்கும் ஆயிரத்து நானூறு வரிச் சட்டம் செய்யிறதில்லையாம். கண்ணுக்குத் தெரியிற பத்துப் பன்னண்டு வரிக்கும், உபரியா ஒண்ணு ரெண்டுக்கும் மட்டும் சட்டமாம். மேல ஒண்ணு மறைஞ்சா அதையே எடுத்துக் கீழ புதுப் பேரை எழுதிக் காட்டுமாம். இதுதானே நம்ம பந்தி! ஊரே வந்தாலும் பந்தியில பெஞ்சு நாப்பதுதான். ஒருத்தன் எந்திரிச்சா அடுத்தவன் உக்காருவான்.

ஆனா நம்ம பந்தியில ஒருத்தன் இலையை எடுத்துட்டு, இன்னொருத்தன் ஈரத்துணியால பெஞ்சைத் தொடைச்சுட்டுத்தான் அடுத்த ஆளை உக்கார வைக்கிறோம். நீ என்ன செஞ்ச? ஒவ்வொரு வரிச் சட்டத்துக்குள்ளயும் ஒரு தலைப்பை மறைச்சு வச்ச. முந்துன வரியோட ஊரும் இந்த வரியோட ஊரும் வேறயா இருந்தா தலைப்பைக் காட்டுன்னு எழுதுன. ஒரே ஊரா இருந்தா மறையின்னு எழுதல. முன்னாடி உக்காந்தவன் தலைப்பு அந்தச் சட்டத்துல ஒட்டிக்கிட்டே கிடந்து, அடுத்து வந்தவன் தலையில ஏறிக்கிச்சு. எச்சி இலையில சோறு போட்ட கதை. 'இல்லேன்னா மறை'ன்னு ஒரே ஒரு வரி. அதை எழுத உனக்கு விடியற வரைக்கும் ஆச்சு, மூணு காப்பி. காப்பித்தூள் செலவு அப்பத்தா கணக்குல இருக்கு.

சரி, தொடைச்ச. அப்புறம் சட்டத்துக்குள்ள மறைச்சு வைக்கிற வேலையே வேணாம், தலைப்பையும் ஒரு தனி வரியா நிறுத்திப்புடுவோம்னு மாத்துன. அது சரியான புத்திதான், நான் ஒத்துக்கிறேன். வரியில ரெண்டு சாதி: ஒண்ணு தலைப்பு, ஒண்ணு ஆளு. 'கெட் ஐட்டம் வியூ டைப்'னு நீ வாய்க்குள்ள முனகுனியே, எது எந்த வகைன்னு போன் கேக்கிறப்ப பதில் சொல்றதுக்கு. அதை வச்சுக்கிட்டு நேத்து விருந்துக்கு வந்த, ஜம்முன்னு.

நேத்துக் கூத்து இருக்கே!

கீரமங்கலம் கண்ணன் ஐயாயிரம் நீட்டுனாரு. நீ கீரமங்கலம் தலைப்பை ஒரு நொடியில புடிச்ச, என் கண்ணே கலங்கிருச்சு. கண்ணன் பேரைத் தொட்ட, ஐயாயிரம்னு போட்ட, ரசீது வந்துச்சு. ரசீதுல கோவிந்தன். கண்ணனுக்கும் கோவிந்தனுக்கும் மூணு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல, வரப்புத் தகராறு. "எம் பணத்தை அவன் பேர்லயா எழுதுற"ன்னு அந்த மனுசன் துண்டை உதறுனாரு பாரு, கறி பரிமாறுறவன் வாளியோட நின்னுட்டான்.

ராத்திரி விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். அணவயல் ஒண்ணு, ஆலங்குடி ரெண்டு, ஆவணம் மூணு, கீரமங்கலம் நாலு. கண்ணனுக்கு மேல நாலு தலைப்பு நிக்குது. கண்ணனுக்கு நாலு ஆள் தள்ளி யாருன்னு பார்த்தா கோவிந்தன். திரையில எத்தனாவது வரியைத் தொட்டியோ அதே எண்ணை எடுத்துக்கிட்டுப் போயி ஆளுங்க பட்டியல்ல எண்ணியிருக்கு உன் ஆப்பு. அந்தப் பட்டியல்ல தலைப்பே கிடையாதே! எத்தனை தலைப்போ அத்தனை ஆள் தள்ளிப் போவும். அப்புறம் கொத்தமங்கலம், நெடுவாசல், பேராவூரணி, மாங்காடு, மேற்பனைக்காடு. வடகாட்டுக்கு வர்றப்ப பத்துத் தலைப்பு, பத்து ஆள் தள்ளி. கடைசிப் பத்துப் பேரைத் தொட்டா தள்ளிப் போக ஆளே இல்ல. அதான் வடகாட்டுக் கடைசி ஆளுங்க பேரைத் தொட்டப்பல்லாம் ஆப்பு தானா மூடிக்கிச்சு. நீ "சிக்னல் இல்ல ஐயா"ன்னு சொன்ன. நானும் மேல பார்த்துத் தலையாட்டுனேன்.

எண்ணாத அப்பு. தலைப்பையும் ஆளையும் சேர்த்து ஒரே பட்டியலாக் கட்டி, தொட்ட வரியையே கேளு, நீ யாருன்னு. ஆளுன்னா அதுவே தன் பேரைச் சொல்லிரும். தலைப்புன்னா, என்னையத் தொட்டா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிரும். அந்த ஐபோன்காரன் வேற வழி வச்சிருக்கான்னியே: எந்தப் பகுதி, பகுதிக்குள்ள எத்தனாவது வரின்னு விலாசம் ரெண்டு துண்டா இருக்குமாம். தபால்காரன் புத்தி, ஊர் முதல்ல, வீட்டு நம்பர் பொறவு. அதுல தலைப்பு எத்தனை வந்தாலும் வீட்டு நம்பர் மாறாது.

அடுத்து உன் அகராதி வரிசை. இதுலதான் எனக்குச் சிரிப்பு தாங்கல, ஏன்னா இதுல தப்பு உன்னுது மட்டுமில்ல. பேர் வரிசைன்னு ஒரு பொத்தான் வச்சிருந்தியே, அதை அமுக்குனேன். கணேசன் முன்னாடி, கண்ணன் பின்னாடி. நம்ம அகராதியில புள்ளி வச்ச எழுத்து முந்தும். கண்ணன் வந்துதான் கணேசன் வரணும். மன்மதன் முன்னாடி நிக்கிறான், மயில்சாமி அவனுக்குப் பின்னாடி. ய முந்தியா ன முந்தியா? நெடுங்கணக்குல கடைசி எழுத்தே ன தானே. சண்முகத்துக்கும் ஞானசேகரனுக்கும் நடுவுல ஜெயராமன் வந்து குந்தியிருக்கான், கூப்பிடாத விருந்தாளி மாதிரி.

நீ விளக்கம் சொன்ன. யூனிகோடுல தமிழுக்குன்னு 1991-லயே இடம் கொடுத்தாங்க. ஆனா அந்த இடம் 1988-ல வந்த இஸ்கிங்கற இந்திய எழுத்துக் குறியீட்டைப் பார்த்துப் போட்ட கட்டம். எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அச்சுல கட்டம் கட்டுனதுனால, நவுக்குப் பக்கத்துலயே னவையும், ரவுக்குப் பக்கத்துலயே றவையும் ஒட்ட வச்சுட்டாங்க. புள்ளியை உயிர்க்குறிக்கெல்லாம் பின்னாடி தள்ளிட்டாங்க. எவனோ அளவெடுத்த சட்டையை நமக்குப் போட்டுவிட்டிருக்காங்க, அவ்வளவுதான். அந்தக் குறியீட்டு எண்ணை வச்சு அடுக்குனா தமிழ் வரிசை வராது. அதுக்குன்னு கொலேட்டர்னு ஒண்ணு போனுக்குள்ளயே சும்மா கிடக்காம்ல? தமிழ்னு சொன்னா தமிழ் வரிசைப்படி அடுக்குமாம். வீட்டுல தச்சனை வச்சுக்கிட்டு நீயே உளி புடிக்கிற.

இனிசியல் கூத்து தனி. பெ. கருப்பையா உன் ஆப்புல எங்க இருக்காரு? பவன்னாவுல. அவங்க அப்பா பெரியசாமி பேர்ல! செத்துப் போன மனுசனை எழுப்பியாந்து மொய் வாங்குற. பெ-ன்னு முழுசாப் போட்டாலும் பரவாயில்ல, முதல் எழுத்தை மட்டும் கிள்ளி ப-ன்னு போட்டிருக்க, கொம்பு எங்கயோ விழுந்துடுச்சு. நமக்கு பெ ஒரு எழுத்து. உன் நிரலுக்கு அது ரெண்டு துண்டு. இங்கிலீசு இனிசியல்காரங்க இதுக்கும் மேல. எஸ். ராமசாமி, எம். பழனி, என். செல்லம்மா, எல். துரை, எல்லாரும் எ-ங்கற ஒரே தலைப்புல. நம்ம பக்கம் எ-வுல ஆரம்பிக்கிற பேரு எத்தனை இருக்கும், எழிலரசின்னு நாலு பிள்ளைங்க இருக்கும். உன் ஆப்புல பாதி ஊரு அங்கதான். அப்புறம் ஆ-வுல ஆர்காரங்க கூட்டம். இனிசியலை நீக்கிட்டுப் பேரை வச்சு அடுக்கு, காட்டுறப்ப சேர்த்துக் காட்டு.

இன்னொண்ணு, இராமசாமியும் ராமசாமியும். ஒரே ஆளு, பத்திரிகையில இரான்னு அடிச்சான், ரேசன் அட்டையில ரான்னு இருக்கு. இ-வுல ஒருத்தர், ர-வுல ஒருத்தர்னு ரெண்டு மொய் கேட்டா மனுசன் கோவிச்சுக்க மாட்டாரா? லெட்சுமிக்கும் அதே கதி. ஊருலயும் அப்படித்தான்: வடகாடுன்னு ஒரு தலைப்பு, வட காடுன்னு இடம் விட்டு ஒரு தலைப்பு, மூணாவதா பார்வைக்கு அச்சா வடகாடேதான், ஆனா தனியா நிக்குது. ஏன்னு பார்த்தா பேருக்குப் பின்னாடி யாரோ ஒரு காலி இடம் தட்டியிருக்கான். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஒரு ஊராட்சியே பிரிச்சுட்ட. அரசாங்கம்கூட இவ்வளவு வேகமாப் பிரிக்காது. ஊரை அவனவன் இஷ்டத்துக்கு எழுத விடாம, இருக்கிற ஊரைக் காட்டி எடுத்துக்கச் சொல்லு.

தொகைப்படி அடுக்குற பொத்தான் ஒண்ணு வச்சிருக்க பாரு, அதை அமுக்கவும் செஞ்சேன். பெரிய தொகை மேல, சின்னது கீழ. அது சரி. ஆனா தலைப்பு மட்டும் ஊர் பேர்லயே நிக்குது. வடகாடு, ஒரு ஆளு. நெடுவாசல், ஒரு ஆளு. மறுபடி வடகாடு, ஒரு ஆளு. ஆளுக்கொரு தலைப்பா கட்டுன கல்யாண ஊர்வலம். எதை வச்சு அடுக்குறியோ அதை வச்சுத்தான் தலைப்பு. தொகைன்னா பத்தாயிரத்துக்கு மேல, அஞ்சாயிரத்துக்கு மேல, ஆயிரத்துக்கு மேலன்னு போடு. மனசுல வச்சுக்க, அதை யாருக்கும் காட்டிராத. மொய்யில தொகையைத் தலைப்பாப் போட்டா ஊரு ரெண்டாப் போயிரும்.

இப்ப ஒரு நெசப் புகழ்ச்சி. தலைப்பு மேலயே ஒட்டிக்கிட்டு நிக்குதே, கீழ தள்ளுனாலும் கீரமங்கலம்னு உச்சியில நின்னுக்கிட்டு, கொத்தமங்கலம் வந்து முட்டித் தள்ளுனாத்தான் நகருதே, அது அழகு. பேரேட்டுல பக்கம் திருப்புனா நாங்க 'கீரமங்கலம் – தொடர்ச்சி'ன்னு மறுபடி எழுதணும். உன்னுதுல எழுதாமலே எழுதியிருக்கு. ஐபோன்காரன் 2007-லயே பேர்ப் பட்டியல்ல இதை வச்சிருந்தான்னு நீ சொன்னப்ப, நம்ம தொடர்ச்சியை எவனோ பார்த்துட்டுப் போயிருக்கான்னுதான் நினைச்சேன். அதுக்கு ஒரு வேலை மட்டும் மிச்சம்: கண்ணு தெரியாத நம்ம சித்தப்பா போனைப் பேச வச்சுக் கேக்குறாரு. அவருக்கு அது தலைப்புன்னு போனுக்குச் சொல்லி வையி. சொன்னாத்தான் அவர் தலைப்புத் தலைப்பாத் தாவலாம், இல்லேன்னா ஆயிரத்து நானூறு பேரையும் காதால தாண்டணும். ஆண்ட்ராய்டு 9-லருந்தே அதுக்கு ஒரு வரி இருக்குன்னு உன் வாயாலதான் கேட்டேன்.

உன் போன்ல இருக்கிற வீட்டுச் சாமான் பட்டியல்ல ஏழு சாமானுக்கு அஞ்சு தலைப்புப் போட்டிருக்கியே, அதை அப்பத்தாகிட்டக் காட்டாத. உப்புன்னு ஒரு சாமான், அதுக்கு மேல உ-ன்னு ஒரு தலைப்பு. தலையை விட முண்டாசு பெருசு.

ஆளே இல்லாத தலைப்பும் அப்படித்தான். கடைசி ஆளை நீக்குனா தலைப்பும் சேர்ந்து போவணும். தேடுற பெட்டியில கண்ணன்னு போட்டா, கண்ணன் இல்லாத ஊரெல்லாம் வெறுந்தலைப்பா நின்னு முழிக்குது. பிள்ளையில்லாத வகுப்புல வாத்தியார் பிரம்போட நிக்கிற மாதிரி.

இதைச் சொல்ல எனக்கு வாயில்லைதான். அந்தப் பேரேட்டை எடு. கடைசிக்கு முந்துன பக்கம். ஊர் சொல்லாமக் கவரைக் கொடுத்துட்டுப் போறவங்களுக்குன்னு 'மத்தவங்க'ன்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்கும் மேல பாரு. போன ஆவணியில உங்க மாமன் வீட்டு விருந்துக்கு நீ வர முடியாம போன்லயே ஐயாயிரம் அனுப்புனியே. எந்த ஊர்ல எழுதுறதுன்னு யோசிச்சேன். முறைப்படி, பணம் எங்கருந்து வந்துச்சோ அந்த ஊரு. சென்னைன்னு செவப்புல எழுதி, ரெண்டு கோடு போட்டு, கீழ உன் பேரு. உங்க அப்பத்தா அதைப் பார்த்துட்டு மூணு நாள் எனக்குக் காப்பி போடல. நாலாம் நாள் உன் பேரை அடிச்சுட்டு, நம்ம ஊர்ப் பக்கத்துல, இடமில்லாத இடத்துல, கடைசி வரிக்குக் கீழ இடுக்கி எழுதுனேன். எழுத்து கோணலா இருக்கும், அது நாந்தான்.

தலைப்பை மட்டும் அடிக்க மறந்துட்டேன். சென்னை, ரெண்டு கோடு, கீழ ஒரு ஆளும் இல்ல.